கை ஓட வேண்டும், பந்து நடக்க வேண்டும்

வேகமாக ஓடத் தெரிந்த குழந்தையைக் கூப்பிட்டு, "அம்மா, நீ ஓடுகிற மாதிரியே ஓடு, ஆனால் நடக்கிறவர்கள் போய்ச் சேருகிற நேரத்தில்தான் போய்ச் சேர வேண்டும்" என்று சொன்னால் அக்குழந்தை நம்மை என்னவென்று நினைக்கும்? உபாத்தியாயருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்றுதான் நினைக்கும். ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஊருக்கு ஊர், வாரக் கடைசி தோறும், ஏறக்குறைய இதே கட்டளையைப் பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளுக்கு இட்டுக்கொண்டிருக்கிறார்கள். சிறுமிகளும் முதலில் திகைத்து, பிறகு கண்ணீர் விட்டு, கடைசியில் எப்படியோ கற்றுக்கொண்டும் விடுகிறார்கள். அந்த வித்தைக்கு 'சேஞ்சப்' என்று பெயர். அதைக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பதில் உள்ள சங்கடங்களைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தோம். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிப் பிழைக்கும் நமக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். கற்றுக்கொடுப்பது என்று வந்துவிட்டால் இலக்கணமானால் என்ன, பந்தானால் என்ன?

ஆட்டத்தின் பெயர் 'சாப்ட்பால்'. மெத்தென்ற பந்து என்று பொருள். பெயரை நம்பி யாரும் வெறுங்கையை நீட்டிவிட வேண்டாம்! பன்னிரண்டு அங்குலச் சுற்றளவும், நம் கிரிக்கெட் பந்தைவிட அதிகமான எடையும் கொண்ட உருண்டை அது. விரலில் பட்டால் விரல் வீங்கும். ஆட்டம் பிறந்த காலத்தில் மட்டும் பந்து மெய்யாகவே மெத்தென்று இருந்தது. 1887-ஆம் வருஷம் நவம்பர் மாதம், சிகாகோ நகரத்தில் பாராகட் படகுக் கழகத்தின் கட்டடத்தில் சில இளைஞர்கள் கூடியிருந்தார்கள். ஹார்வர்டு, யேல் என்ற இரண்டு சர்வகலாசாலைகளுக்கிடையே நடந்த கால்பந்துப் பந்தயத்தின் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். முடிவு வந்த குதூகலத்தில் ஒருவர் குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைத் தூக்கி எறிய, மற்றொருவர் கையிலிருந்த கோலால் அதைத் திருப்பி அடித்தாராம். ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கையுறையை உருண்டையாகக் கட்டி, தரையில் கோடு கிழித்து, பேஸ்பால் என்னும் பெரிய ஆட்டத்தை ஒரு கூடத்துக்குள் அடக்கிவிட்டார். அதற்கு 'சாப்ட்பால்' என்ற பெயரைச் சூட்டியவர் வால்டர் ஹாகன்ஸன், வருஷம் 1926. அதற்குள் ஆட்டம் கூடத்தை விட்டு வெளியே வந்து மைதானம் மைதானமாகப் பரவியிருந்தது.

ஆண்களும் ஆடும் ஆட்டந்தான் என்றாலும், அமெரிக்காவில் வேகச் சாப்ட்பால் என்றால் முக்கியமாகப் பெண்களின் ஆட்டம். 1972-இல் அந்நாட்டு அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது. அரசாங்கப் பணம் பெறும் கல்வி ஸ்தாபனங்களில் ஆண், பெண் என்று வேற்றுமை பாராட்டக் கூடாது என்பது அதன் சாரம். அதன் பயனாகப் பெண்களுக்கும் விளையாட்டுக் குழுக்கள் ஏற்பட்டன. ஆடுகிற பெண்களுக்கு உபகாரச் சம்பளமும் கிடைக்கலாயிற்று. கல்லூரிப் பெண்களுக்கென்று தேசிய சாப்ட்பால் போட்டியும் நடந்து வருகிறது. ஆகவே நன்றாகப் பந்தெறியும் பெண்ணுக்குக் கல்லூரிச் செலவில் ஒரு பகுதியாவது மிச்சமாகலாம். எட்டு வயதுக் குழந்தையின் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு, தகப்பனார் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மாலை தோறும் அவள் எறிவதைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு மகள் மேலுள்ள ஆசை ஒரு காரணம்; இந்த நினைப்பும் ஒரு காரணம். வாளியில் உட்காரும் தகப்பனார் அந்நாட்டில் ஒரு தனி ஜாதி. அவரைப் பற்றிப் பின்னால் சொல்லுகிறோம்.

பேஸ்பாலில் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பந்தை எறிவார்கள். சாப்ட்பாலில் அது கூடாது. கீழ்க்கையாகவே எறிய வேண்டும். கீழ்க்கை என்றதும் குழந்தைக்குப் பந்து உருட்டிவிடுவதுபோல் எண்ணக் கூடாது. பந்தெறிகிற பெண், 'பிட்சர்' என்று அவளுக்குப் பெயர், நீட்டிய கையை முன்னிருந்து மேலே தூக்கி, தலையைக் கடந்து பின்புறமாகக் கீழே கொண்டு வந்து, ஒரு முழு வட்டம் சுழற்றுகிறாள். காற்றாலையின் இறக்கை ஒன்று ஒரு சுற்றுச் சுற்றுவதுபோல் இருக்கும். அதே சமயம் ஒரு காலால் தரையை உந்தி, மற்றக் காலை நீள எட்டி வைக்கிறாள். கை இடுப்பருகே வந்ததும் மணிக்கட்டு சொடுக்குகிறது, பந்து பறக்கிறது. எதிரே மட்டை பிடித்து நிற்கிறவளுக்கு முன்னால் ஐந்து மூலையுள்ள வெள்ளைப் பலகை ஒன்று தரையில் பதிந்திருக்கும். பந்து அந்தப் பலகைக்கு நேராக, மட்டைக்காரியின் முழங்காலுக்கு மேலும் மார்புக்குக் கீழுமாகப் போனால் நல்ல பந்து. மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டால் மட்டைக்காரி ஆட்டமிழப்பாள். நாலு கெட்ட பந்துகளை எறிந்துவிட்டால் அவளுக்கு முதல் தளம் இலவசம். மட்டைக்காரியின் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவளுக்குக் 'காட்சர்' என்று பெயர். நம் விஷயத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இனிக் கொஞ்சம் கணக்கு. கணக்கு என்றதும் நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சேஞ்சப்பின் ரகசியம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

பன்னிரண்டு வயதுச் சிறுமிகள் ஆடும்போது பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பலகைக்கும் இடையே 40 அடி தூரம். பெரிய பெண்களுக்கு 43 அடி. எட்டி வைக்கும் காலடி ஐந்தாறு அடியைத் தின்றுவிடுவதால், சிறுமியின் கையிலிருந்து புறப்பட்ட பந்து மெய்யாகப் பறப்பது 35 அடிதான். நல்ல வேகக்காரியான பன்னிரண்டு வயதுப் பெண் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால், அந்தப் பந்து மட்டையண்டை வந்து சேர ஒரு விநாடியில் பாதிகூட ஆகாது, 0.48 விநாடி. மட்டையைச் சுழற்றவே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆகையால் மட்டைக்காரி பந்தை முழுவதும் பார்த்துவிட்டு அடிக்கிறாள் என்பது வெறும் தோற்றம். பாதி தூரத்துக்குள்ளாகவே, 'இது இன்ன நேரத்தில் இன்ன இடத்துக்கு வரும்' என்று அவள் தீர்மானம் செய்தாக வேண்டும். பந்து கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, எறிகிறவளுடைய கை சுழலும் வேகத்தையும் காலெட்டையும் கண்டு அவள் உள்ளே ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

அந்தக் கடிகாரத்தைப் பொய்யாக்குவதுதான் சேஞ்சப். கை அதே வேகத்தில் சுழல்கிறது. கால் அதே தூரம் எட்டுகிறது. முகத்திலே அதே கடுகடுப்பு. ஆனால் பந்து மட்டும் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. 0.48 விநாடியில் வர வேண்டிய பந்து 0.64 விநாடியில் வருகிறது. வித்தியாசம் கண் இமைக்கும் நேரத்தைவிட அதிகமில்லை. ஆனால் மட்டை சுழன்று பலகையைக் கடக்கும் தருணத்தில் பந்து இன்னும் எட்டு ஒன்பது அடி தள்ளி, சாவதானமாக வந்துகொண்டிருக்கிறது! மட்டைக்காரி காற்றை அடித்துவிட்டுத் தன்னையே ஒரு சுற்றுச் சுற்றி நிற்க, பந்து அவள் முன்னால் ஊர்வலம் போகிறது.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது புதிதல்ல. 2018 டிசம்பரில் மெல்போர்ன் டெஸ்டில் ஜஸ்பிரித் பும்ரா, உணவு இடைவேளைக்கு முந்தின கடைசிப் பந்தில் ஆஸ்திரேலியரான ஷான் மார்ஷை வீழ்த்தினாரே, அதுவும் இந்த ஜாதிதான். அப்படிப் போடச் சொல்லி யோசனை கொடுத்தவர் ரோஹித் சர்மா என்று அப்போது வெளியாயிற்று. ஆனால் பும்ரா நன்றாக வளர்ந்த மனிதர். தேசத்தின் குழுவில் ஆடுகிறவர். நாம் சொல்லுவதோ ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண்ணைப் பற்றி.

மட்டைக்காரர்களின் திறமை எவ்வளவு தூரம் பழகின கடிகாரத்தை நம்பியிருக்கிறது என்பதற்கு அந்நாட்டில் சொல்லும் கதைகள் உண்டு. 1961-இல் கனெக்டிகட் மாகாணத்து வாட்டர்பரி நகரில் ஜோன் ஜாய்ஸ் என்ற இளம்பெண், பேஸ்பால் உலகில் ஈடற்ற மட்டைக்காரர் என்று பெயர் பெற்ற டெட் வில்லியம்ஸுக்குப் பந்தெறிந்தாள். மகாவீரர் தவறவிட்டுத் தவறவிட்டு, கடைசியில் மட்டையை எறிந்துவிட்டுப் போனாராம். 1967-இல் எடி பைக்னர் என்ற சாப்ட்பால்காரர், ஒரு காட்சிப் பந்தயத்தில் வில்லி மேஸ் முதலான ஆறு பேஸ்பால் நட்சத்திரங்களை வரிசையாக வெளியேற்றினார். 2004-இல் ஜென்னி பின்ச் என்ற பெண் ஆல்பர்ட் புஹோல்ஸை அவ்வாறே திருப்பி அனுப்பினாள். இவர்கள் வென்றது மெதுவான பந்தினால் அன்று. கிட்டத்திலிருந்து இடுப்போரமாகக் கிளம்பி வரும் பந்துக்கு அந்த வீரர்களின் கடிகாரம் முடுக்கப்பட்டிருக்கவில்லை, அவ்வளவே. வீரர்களுக்கே இந்தக் கதி என்றால் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளைக் கேட்க வேண்டியதில்லை.

அப்படியானால் இந்த அருமையான வித்தையை ஏன் எல்லாப் பெண்களும் ஆசையோடு கற்றுக்கொள்வதில்லை? இங்கேதான் சங்கடம் ஆரம்பிக்கிறது.

ஒன்பது பத்து வயதில் வேகமாக எறியத் தெரிந்த பெண்தான் அந்த மைதானத்துக்கு ராணி. எதிரே நிற்கும் குழந்தைகள் பந்தைக் கண்டு கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அவள் பந்து போகும் பாதையைப் பற்றிக்கூட யாருக்கும் அக்கறையில்லை. வேகம் ஒன்றே போதும். வாளியில் உட்கார்ந்திருக்கும் தகப்பனார் ராடார் வேகமானி ஒன்று வாங்குகிறார். நேற்று 70, இன்று 72 என்று நோட்டுப் புத்தகத்தில் குறிக்கிறார். குழந்தையும் ஒவ்வொரு பந்தையும் எறிந்துவிட்டு அது எங்கே போயிற்று என்று பார்ப்பதில்லை. எண் என்ன என்று திரும்பிப் பார்க்கிறாள். நம் வீடுகளில் பரீட்சை மார்க்கைப் பார்ப்பதுபோலத்தான். மார்க்கு வந்தபின் பாடம் எதற்கு?

பன்னிரண்டு வயதில் ஒரு விபரீதம் நிகழ்கிறது. எதிரே நின்ற குழந்தைகளும் வளர்ந்துவிடுகிறார்கள். இரண்டு வருஷமாக வேகமான பந்துகளையே பார்த்துப் பார்த்து அவர்களுடைய கடிகாரமும் சரியாகிவிடுகிறது. முன்பு கண்ணை மூடிக்கொண்டவள் இப்போது வேலிக்கு அப்பால் அடிக்கிறாள். வேகக்காரிக்குத் தெரிந்த பரிகாரம் ஒன்றே ஒன்று: இன்னும் வேகம். உடம்பை முறுக்கி, பல்லைக் கடித்து, கையை வீசுகிறாள். பந்து இலக்குத் தப்புகிறது, தோள் வலிக்கிறது. இந்தக் கட்டத்தில் பந்தாட்டத்தையே விட்டுவிடும் பெண்களும் உண்டு. ஆகவே சேஞ்சப் கற்பிப்பது அவளுக்கு ஓர் அலங்காரம் சேர்ப்பதாகாது. அவள் இந்த ஆட்டத்தில் தொடர்ந்து இருப்பாளா, மாட்டாளா என்பதே பல சமயங்களில் அதைப் பொறுத்திருக்கிறது.

எப்போது தொடங்கலாம்? வேகப் பந்தைப் பத்துக்கு ஆறாவது சொன்ன இடத்தில் போடத் தெரிந்த பிறகு என்பது நம் அபிப்பிராயம். அதற்கு முன்னால் தொடங்கினால் இரண்டும் கெடும். ஆனால் அது தெரிந்த பிறகு, வளைந்து போகும் பந்து, மேலெழும் பந்து, கீழிறங்கும் பந்து என்று கடைத்தெருவில் உள்ள அத்தனை சரக்கையும் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். இரண்டாவது பாடம் சேஞ்சப்பாகவே இருக்க வேண்டும். மற்றப் பந்துகள் இடத்தை மாற்றுகின்றன. இது ஒன்றுதான் காலத்தை மாற்றுகிறது. சிறுமியின் பந்து இரண்டு அங்குலம் வளைந்தால் மட்டையின் நடுவில் படுவதற்குப் பதிலாகக் கொஞ்சம் ஓரத்தில் படும். ஒன்பது அடி பிந்தினால் படவே படாது.

கற்றுக்கொடுக்கும் முறைகள் பல. பந்தை விரல் நுனிகளில் பிடிக்காமல் உள்ளங்கையில் ஆழமாகப் புதைத்து, மணிக்கட்டைச் சொடுக்காமல் விறைப்பாக வைத்து எறிவது ஒன்று. விரல்களை மடக்கி, கணுக்களைப் பந்தின்மேல் அழுத்தி எறிவது மற்றொன்று. இரண்டிலும் வேகத்தைக் கொடுக்கும் கடைசிச் சொடுக்கைப் பறித்துவிடுவதே நோக்கம். பெரியவர்கள் முதல் முறையைத்தான் சுலபம் என்று சிபாரிசு செய்வார்கள். ஆனால் பன்னிரண்டு அங்குலப் பந்தைச் சிறுமியின் கையில் கொடுத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். வேகப் பந்தைக்கூட அவள் ஐந்து விரலாலும் அள்ளித்தான் பிடித்திருப்பாள். அவள் உள்ளங்கையில் புதைப்பதற்கு இனி இடமில்லை! பிடிக்கும் விதத்தில் மாறுதல் இல்லாவிட்டால் வேகத்திலும் மாறுதல் இராது. பிறகு அவள் வேகத்தைக் குறைக்க ஒரே வழி கையை மெதுவாகச் சுழற்றுவதுதான். அதுதான் நாம் கூடாது என்று சொல்லும் காரியம்.

ஆகையால் சிறு கைகளுக்கு மூன்றாவது முறையே ஏற்றது என்று தோன்றுகிறது. அதைப் புறங்கைப் பந்து என்று சொல்லலாம். கை வட்டத்தின் அடிப்பாகத்துக்கு வரும்போது, உள்ளங்கை பின்னுக்கும் புறங்கை முன்னுக்குமாகத் திரும்பியிருக்க வேண்டும். புறங்கை மட்டைக்காரியை நோக்கிப் பாய்கிறது. பந்து அதன் மறைவிலிருந்து கழன்று வருகிறது. கை கழுவியபின் விரல்களிலுள்ள நீரைப் புறங்கையால் முன்னே உதறுகிறோமே, ஏறக்குறைய அந்தச் சாடை. கை எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்த வேகத்தில் ஒரு பகுதிதான் பந்துக்குப் போய்ச் சேருகிறது. 'முழு வேகத்தில் வீசு' என்று குழந்தையிடம் ஒளிவுமறைவின்றிச் சொல்லலாம் என்பதே இம்முறையின் பெருமை. எறிந்த கை மேலே எழும்பாமல் தாழ்வாகவே போய் முடிய வேண்டும் என்பதை மட்டும் ஓயாமல் நினைவூட்ட வேண்டும்.

முதல் வாரம் பார்க்கச் சகிக்காது. பந்து காட்சரின் தலைக்கு மேல் பத்தடி உயரத்தில் போகும். அல்லது எறிகிறவள் காலடியிலேயே விழும். சில சமயம் பக்கத்து மைதானத்துக்குப் போய், அங்கே ஆடுகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்கும்படி ஆகும். அதனால் முதல் வாரம் இலக்கே வைக்கக் கூடாது. பத்தடி தூரத்தில் ஒரு வலை கட்டி, வட்டம் சுற்றாமல், இடுப்பருகிலிருந்து புறங்கையால் உதறிப் பழகட்டும். கை அந்தத் திருப்பத்தைத் தானாகக் கண்டுகொண்ட பிறகு அரை வட்டம், பிறகு முழு வட்டம், அப்புறம் காலெட்டு. தூரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டலாம். வேகமானியை இந்த நாட்களில் வீட்டிலே பூட்டி வைக்க வேண்டும்.

இலக்கு வைக்கும் நாள் வந்ததும் இயற்கை ஒரு தொல்லை செய்கிறது. பந்து காற்றில் அதிக நேரம் இருந்தால் பூமி அதை அதிகமாகக் கீழே இழுக்கும் என்பது நம் பள்ளிக்கூடங்களில் சொல்லித் தரும் பாடந்தானே? முன்பு சொன்ன கணக்கின்படி, மெதுவான பந்து வேகப் பந்தைக் காட்டிலும் சுமார் மூன்றடி அதிகமாகத் தாழும். வேகப் பந்தை விடுகிற அதே கோணத்தில் விட்டால் பலகைக்கு முன்னாலேயே தரையில் விழும். சரி, மேல்நோக்கி விடட்டும் என்றால், பந்து கூரை மேல் எறிந்த பூசணிக்காய்போல் மேலே கிளம்பும். அதை எந்தக் குழந்தையும் கண்டுகொண்டு, ஆற அமர நின்று அடித்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவிலே ஒரு மெல்லிய வழி இருக்கிறது. அதைச் சொல்லிக் காட்ட முடியாது; நூற்றுக்கணக்கில் எறிந்துதான் கை தேட வேண்டும். தப்பினால் கீழே தப்பட்டும் என்று மட்டும் சொல்லி வைக்கலாம். கீழே தப்பினால் ஒரு கெட்ட பந்தோடு போயிற்று. மார்பளவில் மிதந்து வரும் மெதுவான பந்து வேலிக்கு வெளியேதான் போய் விழும்.

பந்து ஓரளவு இலக்கில் விழத் தொடங்கிய பிறகுதான் மெய்யான பாடம். அந்தப் பாடம் மறைப்பது. குழந்தையின் உடம்பு பொய் சொல்லத் தெரியாத உடம்பு. மெதுவான பந்து வரப்போகிறது என்றால் கை மேலே தயங்கும். காலெட்டு ஒரு சாண் குறையும். நாக்கு வெளியே நீளும். சில பெண்கள் எறிவதற்கு முன்பே சிரித்துவிடுவார்கள். உபாத்தியாயர்கள் பெரும்பாலும் பந்து எங்கே போகிறது என்றே பார்த்துக்கொண்டிருப்பதால் இதெல்லாம் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஒரு யோசனை சொல்லுகிறோம். காட்சருக்குப் பின்னால் ஒரு திரை கட்டி, பந்து தெரியாமல், எறிகிறவளுடைய தலையும் சுழலும் கையும் மட்டும் தெரியும்படி ஒருவர் நின்றுகொள்ளட்டும். அவள் தன் இஷ்டப்படி வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றி எறியட்டும். திரைக்குப் பின்னால் நிற்கிறவர் ஒவ்வொரு தடவையும் 'வேகம்', 'மெது' என்று ஊகித்துச் சொல்ல வேண்டும். அவர் பாதிக்குப் பாதி தவறாகச் சொன்னால் பெண் தேறிவிட்டாள். தங்கை தம்பிகளை இந்த வேலைக்கு வைத்தால் நல்லது. அவர்களுடைய கண்ணை ஏமாற்றுவது பெரியவர்களை ஏமாற்றுவதைவிடக் கடினம்.

ஏமாற்றுவது என்று எழுதிவிட்டோம். பள்ளிக்கூடத்துக்காரர் வாயில் இந்தச் சொல் வரலாமா? குழந்தைகளே இதைக் கேட்பார்கள்: "ஒன்றைக் காட்டி ஒன்றைச் செய்வது தப்பில்லையா, ஸார்?" இதற்கு ஆட்டத்தின் விதிகளையே பதிலாகச் சொல்லலாம். கையைச் சுழற்றத் தொடங்கிய பிறகு நடுவில் நிறுத்தக் கூடாது. எறிவதுபோல் பாசாங்கு செய்துவிட்டு எறியாமல் இருக்கக் கூடாது. பந்தில் எச்சிலோ வேறு பசையோ தடவக் கூடாது. இவையெல்லாம் வஞ்சனை என்று ஆட்டமே விலக்கி வைத்திருக்கிறது. பந்தின் வேகத்தை மாற்றக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. எதிரே நிற்கிறவளுக்கும் அது தெரியும். தெரிந்துதான் மட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். சதுரங்கத்தில் குதிரையை எங்கே நகர்த்தப் போகிறேன் என்று முன்கூட்டிச் சொல்லாதது பொய்யாகுமா?

நிற்க. பயிற்சியில் தேறிய பெண்ணைப் பந்தயத்தில் நிறுத்தும்போது பெரியவர்களுக்குத்தான் பரீட்சை. பல குழுக்களில் எந்தப் பந்து எறிவது என்று தீர்மானிப்பவள் எறிகிற பெண் அல்ல. ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் எண்களைச் சொல்லுகிறார். பெண்கள் மணிக்கட்டில் கட்டியிருக்கும் அட்டையில் அந்த எண்ணைப் பார்த்து, இன்ன பந்து என்று தெரிந்துகொள்கிறார்கள். பயிற்சியாளர் முதன்முறையாகச் சேஞ்சப்பைக் கேட்கிறார். பந்து கொஞ்சம் உயர்ந்துவிடுகிறது. எதிரி வேலிக்கு வெளியே அடிக்கிறாள். பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறார். அன்றைக்கு மறுபடியும் அந்த எண்ணைச் சொல்லுவதில்லை. அடுத்த வாரமும் இல்லை. பதினாறடி அகலமுள்ள வட்டத்தின் நடுவே தனியாக நிற்கும் பெண் என்ன கற்றுக்கொண்டாள்? மெதுவான பந்து எறிந்தால் அவமானம் என்று கற்றுக்கொண்டாள். இரண்டு மாத உழைப்பு ஒரு பந்தில் போயிற்று. கற்ற பாடத்தைப் பந்தயத்தில் பத்துத் தடவை தோற்றுப் பார்க்க இடங்கொடுக்காதவர் அதைக் கற்றுக்கொடுக்கவே தொடங்கியிருக்கக் கூடாது என்று நாம் கண்டிப்பாகச் சொல்லுவோம். "இந்தப் பந்தயத்தில் ஆறு தடவை கேட்பேன். மூன்றை அடிப்பார்கள். அடித்தாலும் நாலாவதைக் கேட்பேன்" என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுவது நலம். சொன்னபடி நாலாவதைக் கேட்கவும் வேண்டும். அவர் வாக்குத் தவறுகிறாரா என்று அவள் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள்.

இன்னொரு தப்பெண்ணமும் உலவுகிறது. பந்து மெதுவாகப் போவதால் கைக்கு ஓய்வு என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். கைதான் அதே வேகத்தில் சுழல்கிறதே, ஓய்வு எங்கிருந்து வரும்? கீழ்க்கையாக எறிவது இயற்கையான அசைவு, எத்தனை எறிந்தாலும் தோளுக்குக் கேடில்லை என்று வெகுகாலம் நம்பி வந்தார்கள். வைத்திய சாஸ்திரிகள் அளந்து பார்த்ததில், தோளின்மேல் விழும் பாரம் மேற்கையாக எறிவதற்குக் குறைந்ததல்ல என்று தெரிந்தது. ஆயினும் ஒரே வாரக் கடைசியில் நாலைந்து பந்தயங்களுக்கு ஒரே பெண்ணை எறியச் சொல்லுவது அங்கே சகஜம். 2008-இல் பீஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பான் தேசத்து யுகிகோ உவேனோ இரண்டே நாட்களில் மூன்று பந்தயங்களில் 413 பந்துகள் எறிந்து, இறுதியில் அமெரிக்காவை 3-1 என்று தோற்கடித்தாள். பிறகு ஒலிம்பிக்கிலிருந்தே சாப்ட்பாலை எடுத்துவிட்டார்கள். 2021-இல் டோக்கியோவில் அது திரும்பி வந்தபோது, முப்பத்தொன்பது வயது உவேனோ மறுபடியும் அமெரிக்கர்களுக்கு எதிராக இறுதிப் பந்தயத்தில் எறிந்து, 2-0 என்று வென்ற குழுவில் இருந்தாள். 2024-இல் பாரிஸில் ஆட்டம் இல்லை; 2028 லாஸ் ஏஞ்ஜலிஸ் ஒலிம்பிக்கில் சேர்த்திருக்கிறார்கள். உவேனோவின் தோள் அபூர்வமான தோள். அதைக் காட்டிப் பன்னிரண்டு வயதுக் குழந்தையை நாலாவது பந்தயத்துக்கு அனுப்புகிறவர்களைப் பார்த்தால் நமக்குக் கோபம் வருகிறது.

யாருக்கு எறிவது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேகப் பந்துக்குச் சரியாக வந்து அடிக்கிறவளுக்கும், ஆசை மிகுந்து முந்திக்கொண்டு அடிக்கிறவளுக்கும் சேஞ்சப் எமன். ஆனால் வரிசையின் கடைசியில் வரும் ஒல்லிக் குழந்தை, வேகப் பந்து போனபிறகு மட்டையை வீசுகிறாளே, அவளுக்கு இதைப் போட்டால் உபகாரம் செய்ததாகும். அவளுடைய பிந்திப்போன கடிகாரத்துக்குச் சரியான நேரத்தில் வந்து சேரும் ஒரே பந்து அதுதான்! அட்டையில் எண் சொல்லும் பயிற்சியாளர்கள் இதை மறந்துவிடுவதுண்டு. வட்டத்தில் நிற்கும் பெண் மறப்பதில்லை. அந்த ஒல்லிக் குழந்தையை அவள் 40 அடியில் நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எண்ணைப் பார்த்துவிட்டு அவள் மாட்டேன் என்று தலையசைத்தால் பயிற்சியாளர் முகம் சுளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். மெதுவான பந்தை எறியத் தெரிந்ததைப் போலவே எறியாமல் இருக்கவும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வாளியில் உட்காரும் தகப்பனாரைப் பற்றிச் சொல்லுவதாக எழுதியிருந்தோம். அவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மகள் புறங்கைப் பந்து பழகும் மாதங்களில் முழங்காலுக்கும் கணைக்காலுக்கும் காப்புக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வேகப் பந்து எங்கே வருமென்று அவருக்கு நாலு வருஷமாகத் தெரியும். இந்தப் பந்து வாளிக்கு ஓரடி முன்னால் தரையில் விழுந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று எறிந்தவளுக்கே தெரியாது.